போர், உரம், உணவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலகின் ஏதோ ஒரு மூலையில் போர் மூண்டு, அதைத் தொடர்ந்து உர விலை ஏறியதாகச் செய்தி வரும்போதெல்லாம் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் பலரும் என்னிடம் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன, சிக்கலானவை பின்னால் வருகின்றன. ஒருமுறை விளக்கியதை மறுபடி விளக்காமல் கேள்வி எண்ணை மட்டும் சுட்டியிருக்கிறேன்.

1. போர் எங்கோ நடக்கிறது. வேறொரு கண்டத்தில் இருக்கும் விவசாயிக்கு ஏன் உரம் கிடைக்காமல் போக வேண்டும்?

உரத்தை விற்கும் நாடுகள் சில. வாங்கும் நாடுகளோ ஏராளம். ரஷ்யா உலகின் மிகப் பெரிய உர ஏற்றுமதியாளர்களில் ஒன்று. 2022ஆம் ஆண்டு உக்ரைன் போருக்கு முன், பொட்டாஷ் என்ற உரத்தின் உலக ஏற்றுமதியில் ரஷ்யாவும் பெலாரசும் சேர்ந்து சுமார் 40 விழுக்காட்டைக் கையில் வைத்திருந்தன. மறுபக்கம், உலகுக்கே சோயாவும் மக்காச்சோளமும் விற்கும் பிரேசில் தன் உரத் தேவையில் 80 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. இப்படி விற்பவர் சிலராகவும் வாங்குபவர் பலராகவும் உள்ள சந்தையில் ஒருவர் விலகினாலும், மீதி இருப்போரிடம் எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடுவார்கள்.

ஆலையில் குண்டு விழுந்தால்தான் தட்டுப்பாடு வரும் என்பதில்லை. எரிவாயுக் குழாய் மூடப்படலாம், துறைமுகம் முடங்கலாம், கப்பலுக்குக் காப்பீடு கிடைக்காமல் போகலாம், பணம் அனுப்ப வங்கி மறுக்கலாம். உரம் கிடங்கில் குவிந்து கிடக்கும்போதே வயலில் தட்டுப்பாடு ஏற்படுவது இப்படித்தான்.

2. உரம் காற்றிலிருந்தும் பாறையிலிருந்தும் வருவதாகப் பள்ளியில் படித்தோம். எரிவாயு எங்கே வந்தது?

படித்தது சரிதான். பயிருக்கு அதிக அளவில் வேண்டிய தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) ஆகிய மூன்றும் வெவ்வேறு இடங்களிலிருந்து வருகின்றன. சாம்பல்சத்து தரும் பொட்டாஷைச் சுரங்கத்திலிருந்து வெட்டியெடுக்கிறார்கள். கனடா, ரஷ்யா, பெலாரஸ் ஆகியவை இதில் முன்னணியில் உள்ளன. மணிச்சத்துக்கு மூலம் பாஸ்பேட் பாறை. உலகில் கண்டறியப்பட்ட இருப்பில் ஏறத்தாழ 70 விழுக்காடு மொராக்கோவிலும் அதன் கட்டுப்பாட்டிலுள்ள மேற்கு சஹாராவிலும் இருக்கிறது.

எரிவாயு நேரடியாக நுழைவது தழைச்சத்தில்தான். காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன் இருந்தும் பயிரால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 1909-இல் ஃபிரிட்ஸ் ஹேபர் ஆய்வகத்தில் செய்துகாட்டிய முறையை, 1913-இல் கார்ல் பாஷ் ஜெர்மனியின் ஒப்பாவ் ஆலையில் பெரும் உற்பத்தியாக மாற்றினார்: நைட்ரஜனோடு ஹைட்ரஜனைச் சேர்த்தால் அம்மோனியா கிடைக்கும். அந்த ஹைட்ரஜன் இன்று பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. சீனாவில் நிலக்கரியும் பெருமளவில் பயன்படுகிறது. எரிவாயு இங்கே அடுப்பெரிக்க மட்டும் பயன்படவில்லை, அதுவே மூலப்பொருளாகவும் இருக்கிறது. அதனால்தான் எரிவாயு விலை ஏறிய வாரத்திலேயே, அம்மோனியாவிலிருந்து செய்யப்படும் யூரியாவின் விலையும் அசைகிறது.

மணிச்சத்தும் இதிலிருந்து தப்பவில்லை. டி.ஏ.பி. என்ற மணிச்சத்து உரத்தைத் தயாரிக்க அம்மோனியா வேண்டும், பாறையைக் கரைக்கக் கந்தக அமிலமும் வேண்டும். கந்தகமோ பெரும்பாலும் எண்ணெய், எரிவாயு சுத்திகரிப்பில் கிடைக்கும் உபபொருள். பாறை கையில் இருக்கும் மொராக்கோவே அம்மோனியாவையும் கந்தகத்தையும் வெளியிலிருந்து வாங்கித்தான் உரம் செய்கிறது.

3. நூறு ஆண்டுக்கு முன் இந்த உரமெல்லாம் இல்லையே? அப்போது மனிதர்கள் சாப்பிடவில்லையா?

சாப்பிட்டார்கள். ஆனால் 1900ஆம் ஆண்டு வாக்கில் உலக மக்கள்தொகை சுமார் 160 கோடி. இன்று 800 கோடிக்கும் மேல். இன்றைய மக்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கான உணவு செயற்கைத் தழைச்சத்தைச் சார்ந்தே விளைகிறது என்பது வேளாண் அறிவியலாளர்களிடையே பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு.

ஐயமிருப்போர் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தைப் பார்க்கலாம். 1843 முதல் அங்கே ஒரே வயலில் கோதுமை விதைத்து வருகிறார்கள். எருவோ உரமோ எதுவும் இடாத பாத்தியில் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 1 டன் விளைகிறது. அந்தப் பாத்தி செத்துப்போய்விடவில்லை, ஆண்டுதோறும் ஏதோ தருகிறது. பக்கத்திலேயே உரமிட்ட பாத்திகளில் அதைப்போல் பல மடங்கு அறுக்கிறார்கள்.

4. ஒரே ஒரு பருவம் உரம் போடாவிட்டால் அப்படி என்ன குடிமுழுகிப் போகும்?

எந்த உரத்தை விடுகிறோம் என்பதைப் பொறுத்தது. மணிச்சத்தும் சாம்பல்சத்தும் மண்ணோடு பிடித்து நிற்பவை. பல ஆண்டுகள் தொடர்ந்து இட்டுவந்த நிலத்தில் அவை வங்கிச் சேமிப்பைப்போல் கிடக்கும். ஓரிரு பருவம் எடுத்துச் செலவழிக்கலாம், பின்னர் திருப்பிக் கட்ட வேண்டும். தழைச்சத்துக்கு இந்த வசதி பெரும்பாலும் கிடையாது. இட்டதில் ஒரு பங்கைப் பயிர் எடுக்கும். மீதியில் பெரும்பகுதி ஆவியாகவோ நீரோடு கரைந்தோ போய்விடும். அடுத்த பருவத்துக்கு மறுபடி இட்டாக வேண்டும்.

பயிரும் காத்திருக்காது. மக்காச்சோளத்தில் தழைச்சத்து குறைந்தால், அடி இலையின் நுனியில் தொடங்கி நடு நரம்பை ஒட்டி ஆப்பு வடிவில் மஞ்சள் ஏறும். பழைய இலையில் இருப்பதை உருவிப் புதிய இலைக்கு அனுப்பிப் பயிர் சமாளிக்கப் பார்ப்பதன் அடையாளம் அது. நெல்லில் தூர் கட்டும் பருவத்தில் மேலுரம் தவறினால் தூர்களின் எண்ணிக்கையே குறைந்துவிடும். பிறகு மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் விட்டுப்போன தூர்கள் வாரா. எனவே கப்பல் ஆறு வாரம் தாமதமானால், அந்தப் பருவத்துக்கு அது வராததற்கும் ஆறு வாரம் கழித்து வந்ததற்கும் வேறுபாடு மிகக் குறைவு.

5. உரம் 10 விழுக்காடு குறைந்தால் உணவும் 10 விழுக்காடு குறையும், சரிதானே?

சரியன்று. இந்தத் தலைப்பில் மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடமும் இதுதான். வயலுக்கு இடும் முதல் சில கிலோ தழைச்சத்து விளைச்சலை வேகமாக உயர்த்தும். அதற்கு மேல் இடும் ஒவ்வொரு கிலோவின் பயனும் படிப்படியாகக் குறையும். ஹெக்டேருக்கு 200 கிலோ இட்டுவந்தவர் 20 கிலோ குறைத்தால் அறுவடையில் பெரிய இழப்பு தெரியாமலே போகலாம். வெறும் 20 கிலோ இட்டுவந்தவர் அதை விட்டுவிட்டால் அவருடைய விளைச்சல் சட்டென்று விழும்.

தட்டுப்பாட்டுக் காலத்தில் இரண்டாமவர்தான் முதலில் விட்டுவிடுகிறார். சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் ஹெக்டேருக்கு இடப்படும் உரச்சத்து சராசரியாக 20 கிலோ அளவில்தான் நிற்கிறது. உலகச் சராசரியோ 100 கிலோவுக்கும் மேல். 2006-இல் அபுஜா மாநாட்டில் ஆப்பிரிக்கத் தலைவர்கள் 2015-க்குள் 50 கிலோவை எட்டுவோம் என்று தீர்மானித்தார்கள். கண்டம் முழுவதற்குமாக அந்த இலக்கு நிறைவேறவில்லை. உலக அளவில் மொத்தம் எத்தனை டன் குறைந்தது என்ற எண்ணை மட்டும் பார்த்து ஆபத்தை அளப்பது ஏமாற்றும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். யாருடைய வயலில் குறைந்தது, எந்த மாதத்தில் குறைந்தது என்று கேட்க வேண்டும்.

6. உக்ரைன் போரின்போது நடந்ததைக் கோவையாகச் சொல்ல முடியுமா?

விலையேற்றம் போருக்கு முன்பே தொடங்கிவிட்டது. 2021-இல் ஐரோப்பாவில் எரிவாயு விலை உயர்ந்தது. பெலாரஸ் அரசின்மீது மேற்கு நாடுகள் விதித்த தடைகள் அந்நாட்டுப் பொட்டாஷ் நிறுவனத்தையும் தொட்டன. அக்டோபரில் சீனா தன் உர ஏற்றுமதியை இறுக்கியது. 2022 பிப்ரவரி 1 முதல் லித்துவேனியா தன் இரயில்பாதை வழியே பெலாரஸ் பொட்டாஷ் செல்வதை நிறுத்தியது. அதுவரை அந்தச் சரக்கு கிளைபெடா துறைமுகம் வழியாகத்தான் உலகுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஏற்கெனவே இப்படி விறைத்திருந்த சந்தையில்தான் பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன.

ரஷ்யாவின் தொலியாத்தியிலிருந்து உக்ரைனின் ஒடெசா வரை 2,400 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அம்மோனியாக் குழாய் அந்த நாட்களிலேயே நின்றுபோனது. ஆண்டுக்குச் சுமார் 25 லட்சம் டன் அம்மோனியா அதன் வழியே கருங்கடலுக்கு வந்துகொண்டிருந்தது. 2020-இல் சராசரியாக டன்னுக்குச் சுமார் 230 டாலராக இருந்த யூரியா, 2022 ஏப்ரலில் 900 டாலரைத் தாண்டியது. ஆகஸ்ட்டில் ஐரோப்பிய எரிவாயு விலை மெகாவாட் மணிக்கு 300 யூரோவைக் கடந்தது. 2020-இல் அது 20 யூரோவுக்கும் கீழே இருந்தது. அந்த விலையில் அம்மோனியா செய்வதைவிட ஆலையை மூடிவைப்பதே மேல் என்ற நிலை வர, ஐரோப்பாவின் அம்மோனியா உற்பத்தித் திறனில் பாதிக்கும் மேல் முடங்கியது. குண்டு விழாத நாடுகளின் ஆலைகள் அவை என்பதைக் கவனிக்க வேண்டும்.

7. உரத்துக்குத் தடையே விதிக்கவில்லை என்று அமெரிக்காவும் ஐரோப்பாவும் சொல்கின்றனவே. பிறகு ஏன் ரஷ்ய உரம் சிக்கியது?

காகிதத்தில் உணவுக்கும் உரத்துக்கும் விலக்கு இருந்தது உண்மை. ஆனால் ஒரு மூட்டை உரம் நகர வேண்டுமானால் வங்கி, காப்பீடு, கப்பல், துறைமுகம் எல்லாம் சம்மதிக்க வேண்டும். உர நிறுவனத்தின் உரிமையாளர் பெயர் தடைப் பட்டியலில் இருந்தால், சட்டம் அனுமதித்தாலும் வங்கி அதிகாரி கையெழுத்துப் போடத் தயங்குவார். தெரியாத்தனமாகத் தடையை மீறி அபராதம் கட்டுவதைவிட அந்த வியாபாரமே வேண்டாம் என்று விடுவதே அவருக்குப் பாதுகாப்பு.

இதன் விளைவை ஒரே ஒரு கப்பலில் பார்க்கலாம். ஐரோப்பியத் துறைமுகங்களில் தேங்கிய ரஷ்ய உரத்தை நன்கொடையாக அனுப்ப ஏற்பாடாகி, ஐ.நா.வின் உலக உணவுத் திட்டக் கப்பல் 20,000 டன்னுடன் 2022 நவம்பர் 29 அன்று நெதர்லாந்திலிருந்து மலாவிக்காகப் புறப்பட்டது. மலாவிக்குக் கடற்கரை இல்லை; மொசாம்பிக்கில் இறக்கித் தரைவழியே கொண்டுசெல்ல வேண்டும். அங்கே முறைப்படி ஒப்படைக்கப்பட்டது 2023 மார்ச்சில். மலாவியில் நடவு மழை நவம்பர், டிசம்பரில் தொடங்குகிறது. மக்காச்சோள அறுவடை ஏப்ரலில். நான்காவது பதிலின் கடைசி வரியை இதோடு சேர்த்துப் படிக்கவும்.

8. போரோடு சம்பந்தமில்லாத நாடு ஏன் ஏற்றுமதியை நிறுத்துகிறது? அது அநியாயமில்லையா?

உள்நாட்டு விவசாயிக்கு விலை ஏறக்கூடாது என்பது எந்த அரசுக்கும் முதல் கவலை. சீனா உலகின் மிகப் பெரிய பாஸ்பேட் உற்பத்தியாளர். அது கதவைச் சாத்தும்போது உள்நாட்டு விலை அடங்கும், வெளிச்சந்தை விலை மேலும் ஏறும். தனித்தனியே பார்த்தால் ஒவ்வோர் அரசின் முடிவிலும் நியாயம் உண்டு. எல்லோரும் ஒன்றாகச் செய்தால் வாங்கும் நாடுகள்தான் நசுங்கும்.

9. ஹோர்முஸ் நீரிணை என்றால் பெட்ரோல் கவலை. உரத்துக்கும் அதற்கும் என்ன?

பெட்ரோலைப் பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது வியப்பானது. ஈரான், கத்தார், சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவை மலிவான எரிவாயுவைக் கொண்டு யூரியாவும் அம்மோனியாவும் செய்து பாரசீக வளைகுடாவின் அந்தக் குறுகிய வாயில் வழியாகத்தான் அனுப்புகின்றன. உலகக் கடல்வழி யூரியா வணிகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதைக் கடக்கிறது என்று மதிப்பிடுகிறார்கள். வளைகுடாவின் கந்தகமும் அதே வழியில்தான் போகிறது. அது தடைப்பட்டால் வேறு கண்டத்துப் பாஸ்பேட் ஆலைகள் திணறும் என்பதை இரண்டாவது பதிலிலிருந்து ஊகிக்கலாம். கத்தாரின் திரவ எரிவாயுவை நம்பி உரம் தயாரிக்கும் ஆசிய நாடுகளுக்கோ இது இரட்டை அடி.

2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் 12 நாள் மோதியபோது நீரிணை மூடப்படவில்லை. ஆயினும் இஸ்ரேல் தன் கடலடி எரிவாயு வயல்களில் மிகப் பெரியது உட்பட இரண்டைப் பாதுகாப்புக் கருதி நிறுத்தியதால், அந்த எரிவாயுவை வாங்கிவந்த எகிப்தின் யூரியா ஆலைகள் நின்றன. ஈரானிலும் அம்மோனியா உற்பத்தி நின்றது. யூரியா விலை சில நாட்களுக்குள் எகிறியது.

செங்கடலில் நடந்தது இன்னொரு வகை. 2024 பிப்ரவரி 18 அன்று யேமனின் ஹூதி கிளர்ச்சியாளர்களுடைய ஏவுகணை தாக்கிய ரூபிமார் என்ற கப்பல், சுமார் 21,000 டன் உரத்துடன் மார்ச் 2 அன்று மூழ்கியது. உலக வணிகத்தில் அது சிறு அளவுதான். ஆனால் பல கப்பல்கள் சூயசை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கியதால் பயணம் பத்து நாளுக்கும் மேல் நீண்டு, காப்பீடும் கட்டணமும் ஏறின.

10. இதற்கு முன் வரலாற்றில் இப்படி நடந்ததுண்டா?

முதல் உலகப் போரில் நடந்தது. அன்றைய தழைச்சத்துக்கு முதன்மையான மூலம் சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் தோண்டியெடுத்த வெடியுப்பு. அது வயலுக்கும் வேண்டும், வெடிமருந்துக்கும் வேண்டும். 1914 நவம்பரில் சிலிக்கு அருகே கொரோனெலில் பிரிட்டிஷ் கப்பல்களைத் தோற்கடித்த ஜெர்மானியக் கடற்படைப் பிரிவு, டிசம்பர் 8 அன்று ஃபாக்லாந்து தீவுகளருகே அழிக்கப்பட்டது. பிரிட்டனின் முற்றுகையால் ஜெர்மனிக்கு வெடியுப்பு வரத்து அற்றுப்போனது.

அவர்களிடம் ஒப்பாவ் ஆலை இருந்தது. ஆனால் அங்கே உருவான நைட்ரஜன் முதலில் பீரங்கிக்குப் போனது, வயல் காத்திருந்தது. உரம் போதாமை, ஆள், குதிரை பற்றாக்குறை, முற்றுகை, உருளைக்கிழங்கு நோய் எல்லாம் சேர்ந்து 1916–17 குளிர்காலத்தில் ஜெர்மானிய நகரமக்களைக் கால்நடைத் தீவனமான டர்னிப் கிழங்கைத் தின்ன வைத்தன. அந்தக் காலத்தை அவர்கள் இன்றும் டர்னிப் குளிர்காலம் என்றே குறிப்பிடுகிறார்கள்.

11. அரிசி, கோதுமையைப்போல் உரத்தையும் அரசாங்கங்கள் இருப்பு வைக்கலாமே?

ஓரளவுக்கு வைக்கலாம், வைக்கவும் செய்கிறார்கள். ஆனால் யூரியா ஈரத்தை இழுத்துக் கட்டிதட்டும். திரவ அம்மோனியாவைக் கழித்தல் 33 பாகை செல்சியஸ் குளிரிலோ அழுத்தத்திலோ வைத்திருக்க வேண்டும். அம்மோனியம் நைட்ரேட்டைக் கவனமின்றிக் குவித்தால் என்ன ஆகும் என்பதை 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகம் கண்டது. அங்கே கிடந்து வெடித்தது 2,750 டன். பொட்டாஷை வைத்திருப்பது இவற்றைவிட எளிது. விலை உச்சியில் வாங்கி நிரப்பிய பின் விலை சரிந்தால் ஏற்படும் நட்டத்தை யார் ஏற்பது என்பதே பெரும்பாலான அரசுகளைத் தயங்க வைக்கிறது.

12. தொழு உரமும் பசுந்தாளும் இருக்கும்போது இந்தப் புலம்பல் எதற்கு?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 கிலோ யூரியா மூட்டையில் 46 விழுக்காடு, அதாவது 23 கிலோ தழைச்சத்து இருக்கிறது. நன்கு மக்கிய தொழு உரத்தில் சுமார் 0.5 விழுக்காடு. ஒரு மூட்டைக்கு ஈடாக 4,600 கிலோ எரு வேண்டும். அதைச் சேர்க்க மாடும், மாட்டுக்குத் தீவனமும், ஏற்றி இறக்க ஆளும் வேண்டும். எருவினால் மண்ணின் தன்மை மேம்படுகிறது என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. பல ஆண்டுத் திட்டமாகப் படிப்படியாக மாறினால் உரத் தேவையைக் கணிசமாகக் குறைக்கலாம். ஆனால் போர் தொடங்கிய மூன்றாம் மாதத்தில் அது கைகொடுக்காது.

திடீரென்று நிறுத்தினால் நேர்வதை இலங்கை காட்டியது. அங்கே காரணம் போரன்று, அரசாணை. 2021ஆம் ஆண்டின் முற்பாதியில் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது, நவம்பரில் விலக்கப்பட்டது. அதற்குள் பெரும்போகம் எனப்படும் முதன்மை நெற்பருவம் கடந்துகொண்டிருந்தது; அந்தப் போக நெல் உற்பத்தி மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தது.

13. உரம் அதிகம் கேட்காத பயிருக்கு மாறிக்கொண்டால் போயிற்று?

முடிந்தவர்கள் மாறுகிறார்கள். பயறு வகைகளும் சோயாவும் வேர்முடிச்சுப் பாக்டீரியா வழியே தமக்கு வேண்டிய தழைச்சத்தின் பெரும்பகுதியைக் காற்றிலிருந்து பெற்றுக்கொள்ளும். உரம் விலையேறிய ஆண்டுகளில் அமெரிக்க விவசாயிகள் மக்காச்சோளத்தைக் குறைத்துச் சோயாவைக் கூட்டுவது வழக்கம். ஆனால் உலகில் இடப்படும் தழைச்சத்தில் ஏறத்தாழ பாதியை உண்பவை நெல், கோதுமை, மக்காச்சோளம் ஆகிய மூன்றே. மனிதர்களின் தட்டில் பெரும்பங்கை நிரப்புபவையும் இவைதான்.

14. 2022-இல் பெரும் பஞ்சம் வரும் என்று பயமுறுத்தினார்கள். வரவில்லையே?

நியாயமான கேள்வி. உலகத் தானிய அறுவடை சரிந்துவிடவில்லை, 2023 நடுவில் யூரியா மறுபடி 300 டாலர் அளவுக்கு இறங்கியது. இதற்குக் காரணங்கள் உண்டு. ஐரோப்பாவில் அந்தக் குளிர்காலம் மிதமாக இருந்ததால் எரிவாயு விலை தணிந்தது. ரஷ்யா தன் சொந்தத் துறைமுகங்கள் வழியே பிரேசில், இந்தியா போன்ற நாடுகளுக்கு உரம் விற்றுக்கொண்டே இருந்தது. மண்ணிலிருந்த மணிச்சத்துச் சேமிப்பை எடுத்துப் பலர் ஒப்பேற்றினார்கள். தானிய விலையும் கூடவே ஏறியதால், விற்பதற்காகப் பயிரிடும் பெரிய விவசாயிகளுக்கு அதிக விலை கொடுத்து உரம் வாங்கவும் கட்டுப்படியாயிற்று.

இந்தக் கடைசிக் காரணத்துக்கு மறுபக்கம் உண்டு. தன் வீட்டுக்கு மட்டும் விளைவித்துக்கொண்டு, பற்றாக்குறை மாதங்களில் சந்தையில் தானியம் வாங்கும் சிறு விவசாயிக்குத் தானிய விலையேற்றம் வருமானம் தராது. உரமும் உணவும் இரண்டும் அவருக்கு எட்டாமல் போகும். உர விலையின் தாக்கம் அடுத்த அறுவடையில்தான், அதாவது ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துத் தெரியும். அதற்குள் தலைப்புச் செய்தி மாறியிருக்கும். 2022-இல் உலகில் 70 கோடிக்கும் மேற்பட்டோர் பசியில் இருந்ததாக ஐ.நா. அமைப்புகள் கணக்கிட்டன. அதில் உரத்தின் பங்கு இவ்வளவு என்று வெட்டிப் பிரிக்க முடியாது. வறட்சி, கடன், பெருந்தொற்றின் எச்சம் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. பஞ்சம் வரவில்லை என்பதால் பாதிப்பும் இல்லை என்று முடிவுகட்டுவது அந்த மக்களைக் கணக்கிலிருந்தே நீக்குவதாகும்.

15. சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானால் எல்லாம் பழையபடி ஆகிவிடுமா?

விலை விரைவில் இறங்கலாம். ஆலையும் வழித்தடமும் அவ்வளவு விரைவாகத் திரும்புவதில்லை. உக்ரைன் தானியத்தைக் கப்பலில் அனுப்ப 2022 ஜூலையில் இஸ்தான்புல்லில் கையெழுத்தான கருங்கடல் தானிய ஒப்பந்தத்தில் அம்மோனியாவுக்கும் இடமிருந்தது. தானியக் கப்பல்கள் சென்றன. அம்மோனியாவோ ஒரு டன்கூடச் செல்லவில்லை. 2023 ஜூனில் ஆறாவது பதிலில் சொன்ன குழாய் கார்கிவ் பகுதியில் சேதமடைந்தது, ஜூலை 17 அன்று ரஷ்யா ஒப்பந்தத்திலிருந்தே விலகியது.

ஐரோப்பாவில் மூடிய ஆலைகள் அனைத்தும் மறுபடி திறக்கவுமில்லை. ஒப்பாவ் அடங்கிய லுட்விக்ஸ்ஹாஃபன் வளாகத்திலேயே இருந்த இரண்டு அம்மோனியா ஆலைகளில் ஒன்றை நிரந்தரமாக மூடுவதாக பி.ஏ.எஸ்.எஃப். என்ற ஜெர்மானிய இரசாயன நிறுவனம் 2023 பிப்ரவரியில் அறிவித்தது. அந்த இடைவெளியை நிரப்ப ரஷ்ய உரத்தையே கூடுதலாக வாங்கிய ஐரோப்பிய ஒன்றியம், 2025 ஜூலை முதல் அதன்மீது ஆண்டுக்காண்டு உயரும் சுங்கவரியை விதித்திருக்கிறது. போர் நின்றாலும் அந்த வரி தானாக நீங்கிவிடாது. அதை விலக்கத் தனி முடிவு எடுக்க வேண்டும்.